பச்சை வலைத்தொப்பி

உணவு இடைவேளை அறையின் மூலையில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் ப்ரான் எட்டிப் பார்த்தாள். நசுங்கிய பீட்ரூட் டின் ஒன்று கிடந்தது. அதற்குத் துணையாக யாரோ போட்ட வாழைப்பழத் தோல். அவ்வளவுதான்.

பெட்டியின் மேல், 'நம் ஊருக்கு நம் இதயம்' என்று தலைமை அலுவலகம் அச்சடித்து அனுப்பிய காகிதம் ஒட்டியிருந்தது. அதில் ஒரு கோழி சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோழிக்கறி ஆலைக்குள் சிரித்த ஒரே கோழி அதுதான்.

"வெள்ளிக்கிழமை மெல்போர்ன்லேர்ந்து ரோசலின்ட் வர்றாங்க," என்றார் மேலாளர் க்ரேக், பின்னாலிருந்து. "கம்பெனி டைரக்டர். இல்லாதவங்களுக்கு இலவசமா சாமான் கொடுக்கற உணவு வங்கிக்கு நாம சேர்த்துக் கொடுக்கறதைப் போட்டோ எடுக்க வர்றாங்க. இந்தத் தோலையா கையில கொடுத்து எடுக்கறது?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கே, க்ரேக்."

"ப்ரான், நீ தற்காலிக சூப்பர்வைசர். நிரந்தரமாகணுமா, வேண்டாமா?"

வேண்டாமென்று எவள் சொல்வாள்? குளிர்காலம் தொடங்கியதிலிருந்து எல்லோருக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. நிரந்தர சூப்பர்வைசருக்கு மட்டும் ஐந்து நாளும் உண்டு. கணவன் க்ளென் முதுகு பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறான். 'தற்காலிகம்' என்ற சொல் அவள் நெற்றியில் ஒட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"வெள்ளிக்கிழமை பெட்டி நிறைஞ்சிருக்கும்," என்றாள்.

ஆலைக்குள் தலையில் வலைத்தொப்பி இல்லாமல் யாரும் நடமாட முடியாது. தொழிலாளிக்கு வெள்ளை, சூப்பர்வைசருக்கு நீலம், விருந்தாளிக்குச் சிவப்பு. தற்காலிகமான ப்ரானுக்கும் வெள்ளைதான். எப்போதோ தவறுதலாக வந்து இறங்கிய பச்சைத் தொப்பிகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய, யாருக்கும் ஆகாமல் கிடந்தன. ப்ரான் அதைத் திறந்தாள்.

"டின் கொடுக்கறவங்களுக்குப் பச்சை," என்று ஷிப்ட் முடிவில் அறிவித்தாள். "கொடுக்காதவங்க வெள்ளையே போட்டுக்கலாம். கட்டாயம் ஒண்ணும் இல்லை."

கட்டாயம் இல்லை என்று ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகத்தில் எல்லாக் கட்டாயமும் தொடங்குகிறது.

வியாழன் காலை மழைக்கு முளைத்த புல் மாதிரி எங்கே பார்த்தாலும் பச்சை. பெட்டி நிறைந்து மூடி தூக்கிக்கொண்டு நின்றது. ஒரே ஒரு வெள்ளை மட்டும் பொட்டலம் கட்டும் மேஜையின் கோடியில் குனிந்திருந்தது. சமோவாத் தீவிலிருந்து பிழைக்க வந்த லோசா.

"என்ன லோசா, மறந்துட்டியா?"

"மறக்கலை ப்ரான். என்கிட்ட இல்லை."

"ஒரு டின் கூடவா இல்லை?"

"ஒரு டின் கூட."

பக்கத்து மேஜையில் தொடை வெட்டிக்கொண்டிருந்த டேரன் கத்தியை நிறுத்தினான். "அவளை விடு ப்ரான்! சர்ச்சுல கொடுத்துக் கொடுத்தே சொர்க்கத்துல இடம் பிடிச்சுட்டா. நம்மளை மாதிரி பாவிங்கதான் டின் கொடுத்து ஏறணும்!"

பச்சைத் தொப்பிகள் சிரித்தன. லோசா தலையை நிமிர்த்தாமல் அடுத்த கோழியை எடுத்தாள். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள் ப்ரான்.

மதியம் க்ரேக் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "ரோசலின்டுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து ஊர் ஆலையில குவிச்சதை விட நாம ரெண்டு மடங்கு குவிப்போம்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"நீதான் இருக்கியே!"

அவளிடம் மீதி இருந்தது ஒரே ஒரு யோசனை. இன்றைய பச்சை இன்றோடு செல்லாது. நாளைக்கும் பச்சை வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு பை நிறையக் கொண்டுவர வேண்டும்.

முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று ஊர்வம்பு பேசுகிறவர்கள், அன்று மணி அடித்ததும் ஏதோ தீப்பிடித்த மாதிரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்த பிறகுதான் ப்ரானுக்கு உறைத்தது. ரொட்டியில் தடவுகிற வெஜிமைட் அரை பாட்டில், நாயின் பிஸ்கட், காலாவதியான கடுகு. சம்பளம் வர இன்னும் நாலு நாள்.

"சட்டம் போட்டவளே வெறுங்கையோட போனா மூஞ்சியில காறித் துப்புவாங்க," என்றாள்.

க்ளென் சோபாவில் படுத்தபடியே யோசனை சொன்னான். "உணவு வங்கியிலேயே போய் ஒரு பை வாங்கிட்டு வா."

"அவங்களுக்குக் கொடுக்க அவங்ககிட்டயே வாங்கறதா? உனக்கு முதுகோட மூளையும் பிடிச்சுக்கிச்சா?"

"நம்ம பழைய பேங்க் கடனை அடைக்க அதே பேங்க்ல புதுக் கடன் வாங்கலையா? அப்போ மட்டும் நல்லாருந்துதா?"

அவனுடைய மீன்பிடித் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு ப்ரான் கிளம்பினாள்.

தேவாலயக் கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. ப்ரான் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். மேஜைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட மெர்ல் உட்கார்ந்திருந்தாள். உணவு வங்கியை நடத்துகிறவள்.

"வீட்டுல எத்தனை பேர், கண்ணு? அஞ்சு பேருக்கு மேல இருந்தா பெரிய பை."

ப்ரான், க்ளென், நாய். "ஆறு," என்றது வாய்.

மெர்ல் அவளையும் மீன்பிடித் தொப்பியையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து பெரிய பை ஒன்றை எடுத்து வைத்தாள். "என்ன ஆச்சுன்னே தெரியலை. ரெண்டு நாளா இந்த ஊருக்கே பசி வந்துடுச்சு. இதுதான் கடைசிப் பை."

"அய்யோ பாவம்," என்றாள் ப்ரான், பையைத் தூக்கிக்கொண்டே.

"முடிஞ்சுபோச்சும்மா, மன்னிச்சுக்கோ," என்று மெர்ல் அடுத்த ஆளிடம் சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது. தெரிந்த முகம் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ப்ரான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளி காலையில்தான் கவனித்தாள். ஒவ்வொரு டின்னிலும் பார்கோடின் மேல் கறுப்பு மையால் ஒரு கோடு. கடையில் திருப்பிக் கொடுத்து யாரும் காசாக்கிவிடக் கூடாதென்று உணவு வங்கிக்காரர்கள் போடுகிற கோடு. யாரும் பார்க்காதபோது தன் டின்களின் பார்கோடு சுவர்ப் பக்கம் போகும்படி திருப்பி அடுக்கினாள். மற்றவர்களுடைய டின்களெல்லாம் ஏற்கெனவே அப்படித்தான் நின்றன. நம் ஆட்களுக்குத்தான் எவ்வளவு ஒழுங்கு என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"மலை மாதிரி இருக்கு!" என்றார் க்ரேக். தன் பங்குக்கு ஒரு பெரிய பையைக் கவிழ்த்தார். அப்புறம் முகம் சுளித்தார். "அந்த ஒரு வெள்ளைத் தொப்பி மட்டும், போட்டோவுல பல்லு விழுந்த மாதிரி தெரியும்."

ப்ரான் லோசாவிடம் போனாள். "போட்டோ முடியற வரைக்கும் குளிர் அறையில பெட்டிகளை எண்ணிட்டு இரு."

"நேத்துதானே எண்ணினேன்?"

"திரும்ப எண்ணு."

லோசா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கனமான கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

ரோசலின்ட் சிவப்புத் தொப்பியோடு டின் மலைக்கு முன்னால் நின்று பேசினாள். "இந்த வாரம் உங்க ஊர் உணவு வங்கிக்கு வந்தவங்க ரெண்டு மடங்காம். கேட்டு மனசு உடைஞ்சுபோச்சு. இவ்வளவு பசி இருக்கற ஊர்ல நாம சும்மா இருக்கலாமா? அதனால அடுத்த மாசத்திலேர்ந்து வாராவாரம் எல்லாரோட அரை நாள் கூலியும் உங்க சார்புல உணவு வங்கிக்குப் போகும். கம்பெனியே பிடிச்சு அனுப்பிடும். உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை!"

பச்சைத் தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. க்ரேக் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"இந்த நல்ல மனசுக்கெல்லாம் காரணம், இன்னையிலேர்ந்து நிரந்தர சூப்பர்வைசர், ப்ரான்!" என்றாள் ரோசலின்ட்.

பச்சையைக் கழற்றி நீலத்தை அவள் தலையில் மாட்டினார்கள். ஒன்றரை வருஷத்துக் கனவு, காதுவரை இறங்கி உட்கார்ந்தது. போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். காகிதத்துக் கோழி மாதிரியே சிரித்தாள்.

டின்களைப் பெற்றுக்கொள்ள மெர்ல் முன்னால் வந்தாள். ப்ரான் நீலத் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மெர்ல் ஒரு டின்னை எடுத்துத் திருப்பினாள். கறுப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள். அடுத்த டின். அதற்கடுத்தது. மலையின் இன்னொரு பக்கத்திலிருந்து ஒன்று.

இனிப் பொறுக்க முடியாது. ப்ரான் அவள் காதோரம் குனிந்தாள். "மெர்ல்... ஆறு பேர்னு நான் சொன்னது..."

"அட, நீ மட்டுமா கண்ணு?" மெர்ல் டின்னை இருந்த இடத்தில் பார்த்து வைத்தாள். "உங்க ஆளுங்க அத்தனை பேர் வீட்டுலயும் ஆறு பேர்தான். உன் மேனேஜர் வீட்டுல ஏழு."

பிறகு பச்சைத் தலைகளுக்கு நடுவே அவள் கண்கள் யாரையோ தேடின.

"லோசா எங்கே, காணோமே? நேத்து உனக்கு அடுத்து நின்னா, வெறுங்கையோட திரும்பிப் போனா. அவ வீட்டுலதான் நிஜமாவே ஆறு பேர்."