பரணும் பலர்பாலும்

என் பரணில் இருப்பது குப்பை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிர் போன கைப்பேசிகள் பதினொன்று, ஓடாத கம்ப்யூட்டர் இரண்டு, எதற்கும் பொருந்தாத சார்ஜர்கள் ஒரு மூட்டை. என்றைக்காவது உதவும். இருபது வருடமாக அந்த 'என்றைக்காவது' வரவில்லை, அவ்வளவுதான். தலையே போனாலும் ஒரு ஒயரைக்கூட விடுவதில்லை என்பது என் சபதம்.

நான் தமிழ் வாத்தியார். வீட்டுப் பேச்சிலும் என் காது தானாக இலக்கணம் பார்க்கும். அதனால்தான் அன்று மாலை பொறி தட்டியது.

"மின்குப்பை எடுக்குறவங்க இன்னைக்கும் தெருவுக்கு வந்தாங்க," என்றாள் என் மனைவி. "எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்காங்க தெரியுமா?"

"என்ன பெரிய விஷயம்?"

"உலகம் பூரா இந்தக் குப்பை மலையாக் குவியுதாம். எங்கெங்கேயோ ஏழைப் பிள்ளைங்க ஒயரைக் கொளுத்தி, அந்தப் புகையைக் குடிச்சுக்கிட்டே செம்பு எடுக்குதுங்களாம். சொல்லும்போதே அவங்களுக்குக் குரல் கம்மிப்போச்சு."

இவளுக்கும் கம்மியது. எனக்கோ ஒயர் இல்லாமலே எரிந்தது.

என்னைப் பற்றித் தன் தங்கையிடம் போனில் பேசும்போது, "அது இன்னும் தூங்குது" என்பாள். தாலி கட்டிய எனக்கு அஃறிணை. குப்பை எடுக்கிறவனுக்கு மரியாதையாகப் பலர்பால்.

மறுநாள் தொடர்ந்தது.

"பழைய போனுக்குள்ள தங்கம் இருக்காம். அவங்க சொன்னாங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் வாங்கித் தராத தங்கத்தை அவன் வாயாலேயே கொடுத்துவிட்டான்.

அதற்கும் மறுநாள், "அவங்க கையெல்லாம் ஒரே காய்ப்பு. பாக்கவே பாவமா இருந்துச்சு."

கை வரைக்கும் பார்த்தாகிவிட்டது. இது பொறாமை என்று நீங்கள் சொல்லவேண்டாம், நானே சொல்கிறேன். பொறாமைதான்.

"நானும் நல்லவன்தான்," என்றேன்.

"இருக்கலாம். ஆனா அவங்க வீட்டுல ஒரு செத்த சார்ஜர்கூட கிடையாதாம்."

சபதம் அங்கேயே செத்தது. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு மை அடித்தேன். சலவைச் சட்டை போட்டேன். பரணைக் காலி செய்து, மூன்று மாடியை ஆறு தடவை ஏறி இறங்கி, எல்லாவற்றையும் குப்பை வண்டியருகே கொண்டு சேர்த்தேன். அங்கே ஒரு அம்மா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா அந்த ஆளு?" என்றேன், மூச்சிரைக்க.

"எந்த ஆளு? நான் ஒருத்திதான் சார் வர்றேன். அக்கா அப்பவே சொன்னாங்க, இந்த வாரம் சார் தானாவே எல்லாத்தையும் இறக்கிடுவார்னு."

ஏழாவது தடவையாக மாடி ஏறினேன்.

"பொம்பளைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

காலிப் பரணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "'அவங்க'ன்னு சொன்னேனே. பலர்பால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுன்னு தொண்டை கிழியப் பாடம் நடத்துறது யாரு?"

நெற்றியில் வியர்வையோடு வழிந்த மையைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்புறம், உங்க பழைய பேப்பர் கட்டையெல்லாம் எடுத்துட்டுப் போக நாளைக்கு ஒருத்தங்க வர்றாங்க. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாங்க."

அவங்க ஆணா பெண்ணா என்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. சலவைச் சட்டையைக் கழற்றாமலே மூட்டை கட்ட உட்கார்ந்தேன்.