அத்தையின் கணினிக்கு மாப்பிள்ளை வைத்தியம்

"கேமுக்கு இன்வைட் வருது மாப்பிள்ளை. தொட்டா போயிடுது," என்றார் மாமியார். திரையில் 'இணைக்க முடியவில்லை' என்ற சிவப்பு எழுத்து அசையாமல் நின்றது.

ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கிய மருத்துவர் அவர். மாலையானால் கணினியில் மூன்று பேரோடு அணி சேர்ந்து கார் பந்தயம் ஓட்டுவார். இன்னும் சற்று நேரத்தில் இறுதிப் போட்டி. மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.

"நகருங்க அத்தை. ஆபீஸ்ல ஒரு மாடி முழுக்கக் கம்ப்யூட்டரை மேய்க்கிறவன் நான்."

மருமகனுக்கும் அவசரம்தான். அதே விளையாட்டில் அவனுக்கும் அன்று போட்டி இருந்தது. மாப்பிள்ளை மரியாதை கெட்டுவிடுமே என்று மாமியார் வீட்டில் அதைச் சொல்லவில்லை. இதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மடிக்கணினியோடு மாடிக்கு நழுவுவதாகத் திட்டம்.

முதலில் ஃபயர்வாலைக் கிளறினான். இன்வைட் வருவதே நின்றுபோனது.

"முன்னாடி வந்துட்டாவது போச்சு," என்றார் மாமியார்.

"அது நல்ல அறிகுறி அத்தை."

அடுத்து விளையாட்டையே நீக்கிவிட்டு மறுபடி இறக்கினான். அது எறும்பு போல ஊர்ந்தது.

"நெட் ஸ்லோ. ரவுட்டரைத் தட்டி எழுப்பினா பறக்கும்."

ரவுட்டரின் முதுகிலிருந்த ரீசெட் துளையில் குண்டூசியைச் செருகி அழுத்தினான். பச்சை விளக்குகள் அத்தனையும் அணைந்தன. பிறகு ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே பதிந்திருந்த செட்டிங் எல்லாம் அழிந்துபோயிருந்தது. இணைப்புக் கொடுத்தவர்கள் எப்போதோ போட்டுவைத்த பாஸ்வேர்டை அது கேட்டது. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க வர்ற வரைக்கும் நெட் நல்லாத்தானே இருந்தது?"

"வயர்லதான் கோளாறு. இப்ப பாரு," என்று சுவரோரம் மண்டியிட்டு இரண்டு கையிலும் வயரைப் பிடித்தான்.

"பல்லு வலிக்குதுன்னு வந்தவருக்கு நான் தாடையைக் கழட்டினதில்ல மாப்பிள்ளை," என்ற மாமியார், கைப்பேசியில் தன் அணிக்கு நீளமாக எதையோ தட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். போட்டி நேரம் கடந்திருந்தது. அவனுடையதும்தான்.

மேசைமேல் அவன் கைப்பேசி அலறியது.

"கை வேலையா இருக்கீங்க, நானே எடுக்கிறேன்," என்று மாமியார் ஸ்பீக்கரை அழுத்தினார். அவன் அணித் தோழனின் குரல் அறை முழுக்க ஒலித்தது.

"மச்சான், நீ வராதது ஒண்ணும் பிரச்சினை இல்ல, கப்பு நமக்குத்தான். எதிர் டீம் கேப்டன் ஒரு பல் டாக்டரம்மாவாம், அவங்க மருமகன் சரி பண்றேன்னு உட்கார்ந்து வீட்டு நெட்டையே படுக்க வெச்சுட்டானாம். அந்தப் புண்ணியவான் யாருன்னு கண்டுபிடிச்சு அவனுக்கு ஒரு பார்ட்டி வைக்கணும்டா."