ஏனெனில் என்று நின்ற கட்டுரை

மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும்போது ஒரு வாசனை எழும். பாதி சமையல், பாதி விஷம். இப்போதும் ஏதாவது பைண்டிங் கடையைக் கடக்கையில் அது மூக்கில் ஏறினால், என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே நடுங்கத் தொடங்கிவிடும். எனக்கு வயதாகிவிட்டது, அவற்றுக்கு ஆகவில்லை. எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியில், ஒரு கல்லூரி மேடையில் அவை இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன.

அன்று எங்கள் வீட்டில் தீப்பெட்டி காயாத மூலை கிடையாது. கம்பெனியிலிருந்து மரச்சில்லும் நீலத்தாளும் வரும். அம்மா சில்லை மடித்து, தாளைச் சுற்றி அந்தப் பசையால் ஒட்டி, வெயிலில் பரப்புவாள். தீக்குச்சி இல்லாத வெறும் பெட்டிகள். காற்றடித்தால் முற்றமெல்லாம் உருளும்.

அய்யாவுக்குப் பருத்திப் பேட்டையில் எடை போடும் வேலை. என் படிப்பைப் பற்றி அவருக்கு உறுதியான ஒரு கருத்து இருந்தது: போதும்.

"ஏட்டி, ரெண்டு வருசம் காலேசுக்குப் போயாச்சு. மூணாவது எதுக்கு? நாகலாபுரத்துல ஒங்க அத்தை காத்துக்கிட்டு இருக்கா. மகன் டிராக்டர் வச்சிருக்கான்."

(அத்தானைப் பற்றி அய்யா எப்போதும் தந்த ஒரே தகவல் அதுதான். கனவில் டிராக்டரே மாலையும் கழுத்துமாக வந்து நிற்கும். பட்டு வேட்டி கட்டியிருக்கும்.)

அந்தச் சமயத்தில்தான் சாமுவேல் சார் எங்கள் வகுப்புக்குக் கட்டுரை வைத்தார். ஒரு தரப்பை எடுத்து வாதாடி எழுத வேண்டும். எழுதியதைப் பெற்றோர் கூடும் சபையில் வாசிக்க வேண்டும். நான் எடுத்த தலைப்பு: 'கரிசல் பெண்களுக்குப் பட்டப்படிப்பு தேவையே.' சபையில் எத்தனை பேர் இருந்தால் என்ன, நான் எழுதியது ஒரே ஒரு காதுக்காக. அந்தக் காதும் வரச் சம்மதித்தது.

"வாரேன். நீ அங்கன என்னதான் படிச்சேன்னு கேட்டுக்கிடுதேன். கேட்டுட்டு அப்படியே சாயங்கால பஸ்ஸப் பிடிச்சு நாகலாபுரம் போயி, பேசி முடிச்சிட்டு வந்திருதேன்" என்றார் அய்யா.

அன்றிலிருந்து நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

சாமுவேல் சார் குளத்தூர்க்காரர். உப்பளத்து வெயிலில் வளர்ந்த குரல். எதையும் ஆறுதலாகச் சொல்லத் தெரியாது. "எதுக்காக நிக்கேன்னு ஒத்த வரியில எழுதுங்க. அது வரலைன்னா கட்டுரையும் வராது. பெறகு எதிராளி பக்கம் போங்க. அவன் சொல்லுததை அவனைவிட நல்லாச் சொல்லணும். அதுக்கப்புறம் அடி. சின்ன அடி முன்னால, பெரிய அடி கடைசில. ஒரு கருத்துக்கு ஒரு தாளு. கலைச்சுப் போட்டு அடுக்கிப் பாருங்க."

எங்கள் வீட்டில் தாளுக்கா பஞ்சம்? நறுக்கிய நீலத்தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பின்பக்கம் வெளுப்பு. அதில் எழுதினேன்.

எதிராளியின் வாதங்களுக்கு நான் எங்கும் அலையவில்லை. அய்யா சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தால் போதும். "படிச்ச பிள்ளை மானம் பாத்த பூமியில களை எடுப்பாளா?" "இவ பட்டம் வாங்கிட்டா மழை பெய்யுமா?" எல்லாவற்றையும் நல்ல தமிழாக்கி, எதுகை சேர்த்து, ஏற்ற இறக்கம் வைத்து எழுதினேன். என் தரப்பு மட்டும் நூலகத்திலிருந்து வந்தது. சமூக மேம்பாடு, அறிவொளி, ஆளுமை. ஒவ்வொரு சொல்லும் அயலூர் விருந்தாளிபோலச் செருப்பைக் கழற்றாமல் நின்றது.

அடுக்கின் மேலே எதிராளி, அடியில் நான். நடுவில் என் பெருமைக்குரிய அந்தத் தாள்: 'மேற்சொன்ன வாதங்கள் யாவும் பிழையானவை. ஏனெனில்' என்று அதில் வரி முடியும். அடுத்த தாளில் அடி விழும். (வாராவாரம் தொடர்கதை படித்துக் கெட்ட புத்தி.)

காலையில் அம்மா அடுக்கைத் துண்டில் முடிந்து கையில் கொடுத்தாள். கனம் குறைந்திருந்ததை என் கை கவனிக்கவில்லை. நான் மனசுக்குள் முதல் வரியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையேறினேன். கோடையில் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் தெரியுமா, கால் வைத்தால் உள்ளே போய்விடும் என்று தோன்றும்படி? அந்தச் சிமெண்டுத் தரை அப்படி வெடித்தது. காதுக்குள் யாரோ மாவு மில்லை ஓடவிட்டார்கள். முன்வரிசையில் அய்யா. வெள்ளை வேட்டி. மடியில் மஞ்சள் பை. பைக்குள் நாகலாபுரத்துக்கு வாங்கிய வெற்றிலை, பாக்கு, கடலைமிட்டாய்.

வாசித்தேன். பயத்தில் குரல் கணீரென்று வந்தது. (பயந்தால் சிலருக்குக் குரல் கம்மும். எனக்குக் கோயில் மணி.) களை எடுப்பது பற்றிச் சொன்னேன். மழை பற்றிச் சொன்னேன். அய்யாவின் தலை ஆடியது. பக்கத்திலிருந்தவரின் தலையும் ஆடியது. மெல்ல மெல்ல வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின. சபை என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. இருக்கட்டும், இப்போது பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேற்சொன்ன வாதங்கள் யாவும் பிழையானவை. ஏனெனில்..."

தாளைப் புரட்டினேன். கீழே மேசை இருந்தது.

"ஏனெனில்..." என்றேன் மறுபடி. துண்டை உதறினேன். அறிவொளியும் வரவில்லை, ஆளுமையும் வரவில்லை. அய்யாவின் வார்த்தைகள் வருடக்கணக்காக என் காதில் ஊறியவை. என் வார்த்தைகளோ நேற்று வந்தவை. கூப்பிட்டதும் வர அவற்றுக்கு என் வீட்டு வழி தெரியவில்லை.

"ஏனெனில்" என்று மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டு, கும்பிட்டு இறங்கினேன். அய்யா எழுந்து நின்று கைதட்டினார்.

சாமுவேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல அடிதான் அடிச்சிருக்கே. யாரைன்னு பாத்தியா?"

பெண்கள் வரிசையிலிருந்து அம்மா வந்தாள். "நல்லாத்தானட்டி பேசுனே, ஏன் அழுதுக்கிட்டு நிக்கே?"

"பாதித் தாளக் காணலம்மா!"

"காணாம எங்க போகுது? விடியக்காலம் கம்பெனி வண்டி வாசல்ல நிக்கி, தாளு கொறைஞ்சுபோச்சு. ஒன் அடுக்குல அடியில இருந்துதான் உருவுனேன். எழுதுன பக்கம் உள்ள போயிரும்லா, எவன் பாக்கப் போறான்? மேல இருந்த பாதியை ஒனக்குன்னு வச்சேன்லா?"

"உருவுனது எங்கம்மா?"

"பெட்டியாயிருச்சு."

என் அறிவொளி முழுவதும் தீப்பெட்டிகளில் ஒட்டப்பட்டு லாரி ஏறியிருந்தது. தேசத்தில் யாரோ எங்கேயோ அதில் பீடி பற்றவைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் எந்தக் கேள்விக்கும் முழுப் பதில் சொல்வதில்லை. ஏன் தாமதம் என்று என் மகனைக் கேட்டால், "ஏனெனில்" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறான்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு அய்யாவின் பின்னாலேயே போனேன். தடுக்க வேண்டும், என்ன சொல்லித் தடுப்பது? படிப்பு வேண்டாமென்று சபையறியச் சொன்னவள் நான். நாகலாபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது, எனக்கென்னவோ டிராக்டர்போல.

அய்யா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். என் பேச்சைச் சந்தோஷமாக மெச்ச ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினார். எடை போடுகிறவர், தராசு முள் நடுவில் நிற்காமல் அவருக்கு உறக்கம் வராது.

"அதெல்லாஞ் சரிட்டி. நான் சொன்னதெல்லாம் பிழைன்னியே, ஏனெனில்னு. அதுக்கு மேல என்ன?"

பயத்தில் வாய் தானாகப் பேசியது. "அதை மூணாவது வருசந்தான் நடத்துவாக, அய்யா."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அய்யா மஞ்சள் பையிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக என் கையில் வைத்தார்.

"அப்பம் அதையுங் கேட்டுட்டு வந்து சொல்லு. ஒங்க அத்தைகிட்ட ஒரு வருசம் பொறுன்னு சொல்லிட்டு வாரேன்."

பஸ் நகர்ந்தது. கூடவே ஓடினேன். "ஏன்னு கேட்டா என்ன சொல்லுவீக, அய்யா?"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்: "ஏனெனில்னு சொல்லிட்டு, கும்பிட்டு எந்திரிச்சு வந்திருதேன்!"