குழாயும் என் கொள்கையும்

அன்பும் கோபமும் குறையாத அண்ணனுக்கு, தம்பியின் வணக்கம். இங்கே நானும் என் பதவியும் நலம். அங்கே தாங்களும் அண்ணியும் தங்கள் ரத்த அழுத்தமும் எப்படி?

"சட்டசபையா, நம்ம குழாய்க் கடையா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லு" என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தீர்கள். ஞாயிறு வரை எதற்கு? இதோ சொல்கிறேன்: சட்டசபைதான். கடைப் பலகையில் இருக்கும் 'அண்ட் பிரதர்ஸ்' என்பதை இன்றே அழித்துவிடுங்கள். பெயிண்ட் செலவு என்னுடையது.

நான் செய்த குற்றம்தான் என்ன? தொகுதியில் பொதுக்குழாய் போட டெண்டர் விட்டபோது நம் கடை கலந்துகொள்ளக் கூடாது என்றேன். தம்பி உறுப்பினர், அண்ணன் சப்ளை என்றால் ஊர் காறித் துப்பாதா? ஆர்டர் எதிர்க்கடைக்காரருக்குப் போனது. அவர் சரக்கின் லட்சணம் திறப்பு விழாவில்தான் தெரிந்தது. திருகினேன், குழாயின் தலை கையோடு வந்துவிட்டது, தண்ணீர் நேராகக் கட்சித் தலைவர் முகத்தில் அடித்தது, இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து பேண்டுக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நிற்க, வாளியோடு வந்த ஓர் அம்மா, "ஏம்ப்பா, நீ குழாய்க் கடை வீட்டுப் பிள்ளைதானே? குழாயைக் கையில வாங்கினாலே மட்டம்னு தெரிஞ்சிருக்குமே!" என்றார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மைக் இருப்பதை மறந்து, "எங்க கடைக் குழாயா இருந்தா இப்படி ஆகுமா?" என்று கத்திவிட்டேன்.

பதவியை வைத்துக் கடைக்கு விளம்பரம் என்கிறது எதிர்க்கட்சி. விளக்கம் கேட்கிறது என் கட்சி. குடும்ப மானம் போச்சு என்கிறீர்கள் நீங்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். மன்னிப்பும் கேட்க மாட்டேன், ராஜினாமாவும் செய்ய மாட்டேன், நம் கடையிலிருந்து ஒரு வாஷர்கூட வாங்க மாட்டேன். நம் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த வரை "அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்பதைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை. இங்கே ஜனங்கள் என்னைத் தேடி வருகிறார்கள், அண்ணா. திட்டத்தான் வருகிறார்கள். ஆனாலும் என்னைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் என்னைப் போல் வர ஆசீர்வதிக்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
எதற்கும் வளையாத தம்பி

பின்குறிப்பு: நாளை மறுதிறப்பு விழா. எதிர்க்கடைக்காரர் மாற்றிக் கொடுத்த குழாயை இப்போது திருகிப் பார்த்தேன், அதுவும் கையோடு வந்துவிட்டது. நம் பித்தளைக் குழாய் ஒன்று, கடை முத்திரையை அரத்தால் ராவிவிட்டு, அண்ணியிடம் கொடுத்தனுப்புங்கள். பலகையை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். விழா எத்தனை மணிக்கு என்று கட்சியில் கேட்டார்கள். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.