வயிற்றில் ஓடிய பூமத்திய ரேகை

எழுதாத எழுத்தாளர் என்றொரு இனம் உண்டு. அவசரப்பட்டு இரக்கப்படாதீர்கள். இவர் எழுத வராதவரும் அல்ல, எழுத நேரமில்லாதவரும் அல்ல. புத்தகம் முழுவதையும் நெஞ்சில் தயாராக வைத்திருப்பவர். அதைக் காகிதத்தில் இறக்க ஓர் ஆள்தான் குறைச்சல். மூட்டை அவருடையது, முதுகு மட்டும் அடுத்தவருடையது.

நம் மெத்தைக்கடை முதலாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பாதிப் பேரை மெத்தை விற்றுத் தூங்கவைத்தாயிற்று; மீதிப் பேரை வாழ்க்கை வரலாறு எழுதித் தூங்கவைப்போம் என்று தோன்றிவிட்டது. எழுதிக்கொடுக்க ஒருவரைப் பிடித்தார். ஒல்லியான மனிதர். ஏற்கெனவே ஒரு பல் டாக்டரின் வாழ்க்கையையும், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் வாழ்க்கையையும் அவர்களுக்காக வாழ்ந்து முடித்தவர். கடையில் நாற்காலி கிடையாது. ஆகவே பாலித்தீன் உறை பிரிக்காத சுருள்கம்பி மெத்தையில் உட்கார்ந்து, அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் போட்டபடி, அவர் முதலாளியின் இளமையைத் தோண்டத் தொடங்கினார்.

"சின்ன வயசுல கஷ்டப்பட்டேன் தம்பி."

"என்ன கஷ்டம் ஐயா?"

"சாதாரணக் கஷ்டமா?"

"அதான், என்ன மாதிரின்னு சொன்னீங்கன்னா..."

"அதை உங்க பாணியில நல்லா போட்டுக்குங்க."

இதுதான் இந்த இனத்தின் தேசிய கீதம். தகப்பனார் எப்படிப்பட்டவர்? உங்கள் பாணியில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் மெத்தையை வாங்கியது யார்? போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போட்டதைக் கொண்டுபோய்க் காட்டினால், சிவப்புப் பேனாவை எடுத்துத் தாம் வருகிற இடத்திலெல்லாம் 'கம்பீரமாக' என்று சேர்த்துவிடுவார். கம்பீரமாகப் பிறந்தார். கம்பீரமாகப் படிப்பை நிறுத்தினார். அம்மை போட்டபோதுகூடக் கம்பீரமாகத்தான் படுத்திருந்தார்.

குழந்தைப் பருவ அத்தியாயம் அரைப்பக்கத்தைத் தாண்டவில்லை. வேறு வழி தெரியாமல் எழுதிக்கொடுப்பவர் ஒரு காரியம் செய்தார். "இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா சொல்லுங்க ஐயா, மாதிரிக்குத்தான்" என்று தம் சொந்தக் கதை ஒன்றை எழுதி நீட்டினார். கண்ணாமூச்சி ஆடும்போது பள்ளிக்கூடத்து அலமாரிக்குள் ஒளிந்து, தூங்கிப்போய், குளிருக்கு உலகப் படத்தைப் போர்த்திக்கொண்டு, இன்ஸ்பெக்டர் வந்திருந்த நேரமாகப் பார்த்து வெளியே விழுந்த கதை. "பூமத்திய ரேகை எங்கடா இருக்கு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்க, பையன் குனிந்து பார்த்து, "வயித்து மேல ஓடுது ஐயா" என்றானாம்.

மனிதரிடம் இருந்த ஒரே கதை அதுதான். பெண் பார்க்கப் போன வீட்டில் அதைச் சொல்லித்தான் பெண்ணைச் சிரிக்கவைத்தார். விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால் அந்தக் கதை வரும்.

முதலாளி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தபோது பையன் அலமாரியிலிருந்து கம்பீரமாக விழுந்திருந்தான்.

அதற்கடுத்த வாரம், கடைக்கு வந்த தலையணை வியாபாரியிடம் முதலாளி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அலமாரியில் என்ன வாசனை அடித்தது என்பதுவரை சொன்னார். கல்லாவில் இருந்த அவர் மனைவி தலையைத் தூக்கினார்.

"மரத்தடியில படிச்சேன்னுதானே இத்தனை நாளா சொன்னீங்க? மரத்துக்கு ஏதுங்க அலமாரி?"

"அப்புறம் வாங்கினாங்க."

எழுதிக்கொடுப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அச்சில் ஏறிவிட்டால் போயிற்று. பிறகு பெண்டாட்டியிடம்கூட அதைச் சொல்ல முடியாது. தயங்கித் தயங்கி, அந்தப் பகுதியை எடுத்துவிடலாமா, அது தமக்கு நடந்ததல்லவா என்று நினைவூட்டினார்.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, வேற எதை வேணும்னாலும் வெட்டுங்க. என் சின்ன வயசுல மட்டும் கை வைக்காதீங்க. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார்.

கண் கலங்கியிருந்தது. இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவில் முதலாளி கதையைச் சொல்ல, அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எழுதிக்கொடுப்பவர், சொன்ன விதம் தம்மைவிட நன்றாயிருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று வீட்டுக்கு வந்த மைத்துனரிடம் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். "அலமாரிக்குள்ள ஒளிஞ்சு..." என்பதற்குள் மகள், "அப்பா, அது மெத்தைக்கடைத் தாத்தா கதைப்பா" என்றாள். மனைவி காப்பியோடு வந்து, "ஆமா, நீங்களும் அப்படி ஒண்ணு சொல்லுவீங்கல்ல?" என்றாள்.

மனிதர் நொந்துபோய்த் தம் அண்ணனுக்கு ஒரு பிரதி அனுப்பினார். உடன்பிறந்தவனாவது சாட்சி சொல்வான் அல்லவா? ஒரு வாரத்தில் போன் வந்தது. அண்ணன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"யாருடா அந்த மெத்தைக்காரன்? என் கதை அவனுக்கு எப்படிடா போச்சு?"

"உன் கதையா?"

"பின்ன? அலமாரியில தூங்கினது நான்தானேடா. நீ அப்போ பள்ளிக்கூடமே சேரலை. நான் வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்ல, நீ அம்மா மடியில உக்காந்து, 'இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு'ன்னு உயிரை வாங்கினே."

எழுதிக்கொடுப்பவர் அந்த அலமாரியின் வாசனை தமக்கு நன்றாக ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். அதை அண்ணன் கேட்டுக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நாளைக்கு யாரிடமாவது, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்" என்று இதை ஆரம்பிக்கத்தான் போகிறீர்கள். பத்துத் தடவை சொன்ன பிறகு அந்த 'ஒருத்தர்' மெல்ல நழுவிப் போய்விடுவார். அவர் நின்ற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள், உலகப் படத்தைப் போர்த்திக்கொண்டு.

கம்பீரமாக.