ராகு பார்த்த கடிகாரம்

மலேசியாவில் சிரம்பானுக்குத் தெற்கே உள்ள புக்கிட் லாடா தோட்டத்தில் போன மாதம் ராகு பகவான் நேரடியாக வந்து இறங்கினார். கோயிலில் அல்ல, கம்ப்யூட்டரில். கிரகங்களும் காலத்துக்கு ஏற்ப மாற வேண்டாமா?

பழைய கம்ப்யூட்டர்களில் ஓர் அறிவிப்பு வந்ததுதான் ஆரம்பம். 'இந்த இயங்குதளத்துக்கு இனி ஆதரவு இல்லை' என்றது அது. புதிய பதிப்புக்கு மாறிக்கொள் என்று பொருள். ஆனால் பக்கத்து ஊரான ராசாவிலிருந்து வெள்ளை வேனில் வந்த கணினிச் சித்தர் யோகேந்திர சுவாமிகள் வேறு பொருள் சொன்னார்.

"செஞ்சவனே கைவிட்டுட்டான். காவல் இல்லாத வூட்டுல யாரு குடியேறுவா? ராகுதான்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

காவலுக்குச் சுவாமிகள் ஒரு மென்பொருள் கொடுத்தார். பெயர் 'ராகு கவசம்'. முற்றிலும் இலவசம். திருவிழா அன்னதானத்துக்கு நின்றதைவிட நீளமான வரிசை, கையில் தட்டுக்குப் பதில் பென்டிரைவ். கவசத்தைப் போட்டால் காலையில் நவக்கிரகப் படம் வரும், ராசிபலன் வரும். ஏழாம் நாள் ராகுவே வந்துவிடுவார். ராகு காலம் தொடங்கும் நிமிடத்தில் திரை இருண்டு, சிவப்புக் கண்ணோடு ஒரு பாம்பு படமெடுத்துச் சீறும். மெஷின் அணைந்துவிடும். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு. பஞ்சாங்கம் பிசகவில்லை.

கவசம் போட்ட வீட்டுக்கு மட்டும்தான் ராகு வருகிறார் என்பதைச் சிலர் கவனிக்கத்தான் செய்தார்கள். கவசம் போட்டதால்தான் இந்த அளவோடு போயிற்று என்று நிம்மதியும் அடைந்தார்கள்.

பரிகாரம் எளிது. தோஷம் பிடித்த மெஷினை மஞ்சள் துணியில் கட்டி, எலுமிச்சை வைத்து, சுவாமிகளின் வேனில் ஏற்றிவிட வேண்டும். அவர் அதைப் போர்ட் டிக்சன் கடலில் கரைத்துவிடுவார். அதிலிருந்து எதையும் நகல் எடுக்கக் கூடாது, எடுத்தால் தோஷம் தொற்றும். காசு மட்டும் வாங்கவே மாட்டார். மகான் அல்லவா?

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் கோயில் கமிட்டியின் கம்ப்யூட்டரையும் ராகு பிடித்தார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கே உழைத்த குடும்பங்களுக்கு வீடு உண்டு. உழைத்ததற்கு ஆதாரத்தைப் புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் முத்தாயிக்கு இருந்த ஒரே ஆதாரம், அவள் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்துச் சம்பளச் சீட்டு. காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. தின்னும் முன் எடுத்த படம் கமிட்டி மெஷினில் மட்டும் இருந்தது.

"சீட்டு கடலுக்குப் போச்சுன்னா நான் எங்க போறது தங்கராஜு?" என்று கேட்டாள் முத்தாயி.

"வீடு முக்கியமா, குலம் முக்கியமாக்கா? சாமி பாத்துக்குவாரு லா," என்றார் கமிட்டிச் செயலாளர் தங்கராஜு. அவருக்குப் பாரோய் என்ற ஊரில் சொந்த வீடு இருக்கிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மெஷினை வழியனுப்பக் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. மேளம்கூட ஏற்பாடு செய்திருந்தார்கள். முத்தாயி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றாள். அவளுடைய பக்கத்து வீட்டு ரதி முன்னால் வந்தாள். தொழிற்சாலையில் செய்து முடித்த பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு.

"சாமி, இன்னைக்கு ராகு எத்தன மணிக்கு வருவாரு?"

"ஞாயித்துக்கெழம நாலரை. கொழந்தைக்குக்கூட தெரியும்."

"கொஞ்சம் முந்தி வரமாட்டாரே?"

"ஒரு நொடி முந்த மாட்டாரு. கிரகம்மா அது. நம்ம பஸ்ஸா?"

கூட்டம் சிரித்தது. ரதி மெஷினை இயக்கினாள். இணைய வயரைப் பிடுங்கினாள். திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை மாலை நாலு இருபத்தொன்பதுக்கு மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு நிமிடம் ஆனது. திரை இருண்டது. பாம்பு சீறியது. மெஷின் அணைந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது. ஆறு மணி நேரம் முன்னதாக வந்திருந்தார் பகவான்.

சுவாமிகள் விரலை நீட்டினார். "நீ சீண்டிட்ட. அதான் கோவத்துல வந்துட்டாரு."

ஆமாம், கோபம்தான் என்று பாதிக் கூட்டம் தலையாட்டியது. நம் ஆட்களுக்குத் தலை எதற்கு இருக்கிறது, ஆட்டத்தானே?

"சரி சாமி. இப்ப மெஷினத் திரும்பப் போட்டு, காலைல ஏழு மணின்னு வெக்கிறேன். நெசமான நாலரைக்கு எல்லாரும் இங்க இருங்க. நீங்களும் இருங்க."

சுவாமிகளுக்கு ராசாவில் ஓர் அவசர பூஜை ஞாபகம் வந்தது. வேன் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

முத்தாயி நகரவில்லை. மாலை நாலரைக்கு மண்டபமே திரையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. மெஷினில் மணி ஒன்று கடந்து சில நிமிடங்கள். நாலு முப்பத்தொன்று. முப்பத்தைந்து. திரையில் பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை.

"அக்கா, நீங்களே அமுக்குங்க," என்றாள் ரதி.

ராகு காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முத்தாயி பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. அப்பாவின் பெயர் நல்லசாமி, பால்மரம் வெட்டுபவர், கீழே தோட்டக் கணக்கர் கெராணியின் கையெழுத்து. அவள் அழுதாள்.

தங்கராஜு மெதுவாகக் கேட்டார். "அப்ப ராகு எதப் பாத்து வந்தாரு?"

"மூலைல இருக்கற மணியப் பாத்துதான்ணே. பாத்தது ராகு இல்ல, நீங்க போட்ட கவசம்."

ரதி கவசத்தை நீக்கினாள். கடிகாரத்தை மறுபடியும் நாலு இருபத்தொன்பதுக்கு வைத்தாள். நாலரை ஆனது, நாலு முப்பத்திரண்டும் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் தங்கராஜு ராசாவுக்குப் போனார். ஒரு கடையில், போர்ட் டிக்சன் கடலில் கரைந்த மெஷின்கள் எல்லாம் விலைச்சீட்டு ஒட்டப்பட்டு வரிசையாக நின்றன. அவர் முன்பே வேனில் ஏற்றிவிட்ட அவருடைய மடிக்கணினியும் அங்கே இருந்தது. எழுத்துப் பொத்தான்களுக்கு இடையில் அவர் பூசிய விபூதி அப்படியே இருந்தது. கல்லாவில், காவி இல்லாமல், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு யோகேந்திரன். போலீஸ் புகார் கொடுத்தாகிவிட்டது.

முத்தாயி செவ்வாய்க்கிழமை மூன்றேகாலுக்கு, அதுவும் ராகு காலத்தில், சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிகாரி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். ஒரு கிரகமும் தடுக்கவில்லை.

அன்று மாலை தங்கராஜு ரதியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தப்புதாம்மா. அந்தக் கவசம் போலி. நெசமான கவசம் எங்கயாச்சும் கெடைக்குமா?"

ரதி கதவைச் சாத்திக்கொண்டாள். பாவம், அவளும் எத்தனை சோதனைதான் செய்வாள்!

ஐயா, அம்மா, அந்த மெஷினுக்கு எலுமிச்சை கட்டினீர்கள், குங்குமம் வைத்தீர்கள், மேளம் பிடித்தீர்கள். ஒரு நகல் எடுத்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இனிமேல் உனக்கு நேரம் சரியில்லை என்று எவனாவது சொன்னால், கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடிகார முள்ளைத் திருப்பியது யார் என்று கேளுங்கள்.