நாலாம் நம்பரின் வயிறு

காலை ஆறு மணியிலிருந்து மேர்வின் நாலாம் நம்பர் காளையின் வயிற்றுக்குக் கீழே மஞ்சள் வாளியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். இப்போது மணி ஒன்பதரை. காளை ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

"ஏங்க, அது உங்களையேதான் பாக்குது," என்றாள் அவர் மனைவி பவுலின், தேத்தண்ணிக் கோப்பையைப் பட்டிச் சுவரில் வைத்தபடி. "யாராவது மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா உங்களுக்கு வருமா?"

"நான் மொகத்தையா பாக்குறேன்?"

"நீங்க எதையோ பாருங்க. அதுக்கு வெக்கமா இருக்குமில்ல?"

மேர்வின் வாளியைக் கை மாற்றிப் பிடித்தார். ஹட்டனுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருசம் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதியவர் அவர். ஒரு றாத்தல் கூட்டி எழுதியதில்லை, குறைத்து எழுதியதுமில்லை. அந்த நேர்மைக்காகத்தான் தோட்டத்தை நடத்தும் தொரை அவரைக் கூப்பிட்டு, புதிதாக ஆரம்பித்த மாட்டுப் பட்டிக்கு சூப்பவைசராகப் போட்டார். இறைச்சிக்கு வளர்க்கும் நாலு காளைகள். புல்லோடு தொழிற்சாலையில் கழியும் தேயிலைத் தூளையும் கலந்து கொடுத்தால் அவை எப்படிக் கொழுக்கின்றன என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ரினோஸா மிஸ் வந்திருந்தாள்.

வந்த முதல் நாளே அவள் சொன்ன விசயம் மேர்வினின் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

"மாடு புல்லைத் தின்னுதுன்னு நாம நினைக்கிறோம் அண்ணன். உண்மையில அதோட முதல் வயித்துல கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கு. அதுகள்தான் புல்லைத் தின்னு பெருகுது. பிறகு அதுகள் அடுத்த வயித்துக்குப் போகும். அங்க மாடு அதுகளையே செமிச்சிடும். மாட்டோட சதைக்குத் தேவையான புரதத்துல பெரும்பங்கு அந்தக் கிருமிகள்தான்."

மேர்வின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது பவுலின் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அப்ப மாடு சைவமா, அசைவமா?"

மேர்வின் மறுநாள் ரினோஸாவிடமே கேட்டார். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

"சரிங்க மிஸ், வயித்துக்குள்ள எவ்வளவு கிருமி உண்டாகுதுன்னு வெளிய இருந்து எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"கல்யாண வீட்டுல எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு எச்சில் இலையை எண்ணிப் பாத்தா தெரியுமில்லையா? அந்த மாதிரி. செமிச்ச கிருமியில மிஞ்சுற ஒரு பொருள் மாட்டோட சிறுநீர்ல வரும். அலன்டோயின்னு பேர். அது எவ்வளவுன்னு அளந்தா, உள்ள எவ்வளவு புரதம் உண்டாகியிருக்குன்னு கணக்குப் போடலாம்."

அன்றிலிருந்து மேர்வினுக்கு மாட்டு மூத்திரம் மூத்திரமாகத் தெரியவில்லை. 'சாம்பிள்' என்றே மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார்.

ஐந்து நாள் சாம்பிள் எடுக்க வேண்டும். காளைகளின் வயிற்றில் இறப்பர் புனலைக் கட்டி, குழாய் வழியாகக் கேனில் பிடிப்பது ஏற்பாடு. நாலு நாள் ஒழுங்காக நடந்தது. ஐந்தாம் நாள் விடியும்போது நாலாம் நம்பரின் புனலைக் கட்டியிருந்த வாரை மூன்றாம் நம்பர் தின்று முடித்திருந்தது. அதனால்தான் இந்த வாளி. இரண்டு மணிக்குச் சாம்பிள்களை எடுத்துப்போகப் பல்கலைக்கழக ஜீப் வரும்.

"கொழந்தைக்குச் செய்வோமே, அப்படி ஸ்ஸ்ஸ்னு சொல்லிப் பாருங்க," என்றாள் பவுலின்.

மேர்வின் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு "ஸ்ஸ்ஸ்" என்றார். ஒன்றாம் நம்பர் உடனே விட்டது. இரண்டாம் நம்பரும் விட்டது. வாரைத் தின்ற மூன்றாம் நம்பர் தாராளமாக விட்டது. நாலாம் நம்பர் அசைபோட்டபடி அவரையே பார்த்தது.

அடுத்து, தவிட்டில் இரண்டு கை உப்பைக் கலந்து வைத்தார். நாலாம் நம்பர் அதை நக்கித் தின்றுவிட்டு மூன்று வாளி தண்ணீர் குடித்தது. இனி எப்படியும் வந்துதானே ஆக வேண்டும் என்று மேர்வின் மறுபடி குந்தினார். பதினொரு மணிக்குச் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்க எழுந்து திரும்பினார். முதுகுக்குப் பின்னால் அருவி கொட்டும் சத்தம் கேட்டது.

"வந்திச்சா அண்ணன்?" என்று பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டாள் ரினோஸா.

"இப்பதாங்க மிஸ் வருது."

"வாளிக்குள்ளயா?"

மேர்வின் பொய் சொல்லாதவர். "பக்கத்துலங்க," என்றார்.

பன்னிரண்டரைக்கு அரை வாளி கிடைத்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பிள் கெடாமல் இருக்க அதில் அமிலம் ஊற்ற வேண்டும். மண்ணிறப் போத்தலைத் திறந்து மூடியைச் சுவரில் வைத்தார். ரினோஸா சொல்லிக்கொடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். வேலை முடிந்த நிம்மதியில் சுவரில் உட்கார்ந்தார். மூடியின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கால்சட்டை பொத்து, சுடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அவர் துள்ளிய துள்ளலில் வாளி உருண்டது. அரை நாள் உழைப்பு வடிகால் கானில் இறங்கித் தேயிலை மலைக்குப் பாய்ந்தது.

பவுலின் தண்ணீரை ஊற்றி அவரைக் காப்பாற்றினாள். ஆனால் ஒன்றே முக்காலுக்கு வளைவில் ஜீப்பின் ஹோர்ன் கேட்டது. நாலாம் நம்பரிடம் இனி ஒன்றும் இல்லை.

பட்டிக்குக் கீழே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஓரத்தில், சிவசாமியின் பசு கட்டியிருந்தது. சிவசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் நின்றார். பசுவின் பெயர் லெட்சுமி. மகா குணவதி. மேர்வின் "ஸ்ஸ்" என்று ஆரம்பிப்பதற்குள்ளேயே கொடுத்துவிட்டது.

'மாடு மாடுதானே,' என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டார். ஒரே மலைப் புல்லைத்தானே தின்கின்றன. போத்தலில் நிரப்பி, கவனமாக அமிலம் விட்டு, மூடி, இருபத்திரண்டு வருசம் தப்புக் கணக்கு எழுதாத கையால் '4' என்று எழுதி ஒட்டினார். அவசரத்தில் அது 9 மாதிரி இருந்தது.

"பாத்துக் கொண்டுபோங்க தம்பி," என்றார்.

மேர்வின் ஏற்றிக்கொடுத்த போத்தல்களை டிரைவர் சுதாகரன் பெட்டியில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டான்.

இரண்டு வாரம் கழித்து அதே ஜீப்பில் ரினோஸா வந்து இறங்கினாள். நேரே நாலாம் நம்பரிடம் போய் அதன் கண்ணை விரித்துப் பார்த்தாள். வயிற்றில் காது வைத்துக் கேட்டாள்.

"என்னங்க மிஸ்?"

"அண்ணன், கடைசி நாள் சாம்பிள்ல அலன்டோயினே இல்லை. கிட்டத்தட்டப் பூச்சியம். அப்படின்னா இதோட வயித்துல கிருமிகளே இல்லை. கணக்குப்படி பாத்தா இந்த மாடு உயிரோடயே இருக்கக் கூடாது."

நாலாம் நம்பர் ஒரு கட்டுப் புல்லை இழுத்து வாயில் போட்டது. நாலு காளைகளில் அதுதான் கொழுத்தது.

"அதுதான் அதிசயம்! கிருமி இல்லாம ஒரு மாடு சதை போடுதுன்னா அது உலகமே கேள்விப்படாத விசயம். பேராசிரியருக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை அறுத்து வயித்தைத் திறந்து பாக்கணும்னு சொல்றார். தொரையும் சம்மதிச்சிட்டார்."

ஆனால் மேர்வினின் தலைக்குள் ஓடியது வேறு கணக்கு. அது நாலாம் நம்பருடைய சாம்பிள் இல்லை, லெட்சுமியுடையது. அப்படியென்றால் வயிறு செத்துப்போனது லெட்சுமிக்கு!

அன்று மத்தியானமே சிவசாமியைத் தேடிப் போனார்.

"சிவசாமி, ஒங்க பசு நல்லா இருக்கா?"

"நல்லாத்தானே இருக்கு. ஏண்ணே?"

"சும்மாதான். ஒழுங்காத் திங்குதா?"

"திங்குது. எதுக்குக் கேக்குறீங்க?"

"வயித்துல ஏதாச்சும்... ஒண்ணுமில்ல. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொன்ன பிறகு பயப்படாத மனுசன் உண்டா? சிவசாமி இஞ்சியும் மிளகும் பூண்டும் அரைத்துக் கசாயம் வைத்து லெட்சுமிக்குப் புகட்டினார். அதுவரை நன்றாயிருந்த பசுவுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. பால் பாதியாகக் குறைந்தது. "அண்ணே கண்ணு வச்ச மாதிரி சொன்னாரு, அப்படியே ஆயிருச்சு," என்று லயம் முழுக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ரினோஸா கடைசியாக நாலாம் நம்பரின் நெஞ்சைச் சுற்றி அளவெடுக்க வந்தாள். தொரையும் பக்கத்தில் நின்றார். இறைச்சிக்கு வளர்க்கும் மாட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது மேர்வினின் கொள்கை. அது என்றைக்காவது போக வேண்டிய மாடுதான் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் தான் செய்த பொய்க்காக நாளைக்கே போக வேண்டுமா? நாலாம் நம்பர் கழுத்தை நீட்டி அவருடைய கொலரை நக்கியது.

"மிஸ், அது இதோட சாம்பிள் இல்லீங்க!" என்று உடைந்துவிட்டார் மேர்வின். வார், வாளி, உப்பு, போன், போத்தல் மூடி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "சிவசாமியோட பசுவுதுங்க மிஸ். என்னை வேலைய விட்டு நிப்பாட்டுங்க. மாட்ட விட்டுடுங்க."

தொரையின் முகம் சிவந்தது. ரினோஸாவின் முகமோ விளக்கேற்றியதுபோல் ஆனது.

"அப்ப அந்தப் பசுதான் அதிசயமா! எங்க அது?"

எல்லாரும் லயத்துக்கு இறங்கினார்கள். தொரையும் மிஸ்ஸும் சேர்ந்து வருவதைப் பார்த்த சிவசாமி கவ்வாத்துக் கத்தியோடு தொழுவத்தின் வாசலில் நின்றுகொண்டார்.

"எம் பசுவ அறுக்கவா வர்றீங்க? மொதல்ல என்னத் தாண்டிப் போங்க!"

"அறுக்க இல்லை ஐயா. கொஞ்சம் சிறுநீர் போதும்."

"கேக்குறத நேராக் கேக்க வேண்டியதுதானே," என்று கத்தியை இறக்கினார் சிவசாமி. "அண்ணே எதுக்குத் திருடணும்? கேட்டா நானே பிடிச்சுக் குடுத்திருப்பேனே."

அந்த வார்த்தை அமிலத்தைவிட அதிகமாக மேர்வினைச் சுட்டது.

பசுவிடம் ஒரு போத்தல், நாலாம் நம்பரிடம் ஒரு போத்தல், இரண்டையும் ரினோஸா தன் கையாலேயே பிடித்துக்கொண்டு போனாள். காளையை ஏற்ற வெள்ளிக்கிழமை வரவிருந்த லொறியைத் தொரை நிறுத்திவைத்தார். மேர்வினின் வேலையையும் முடிவு வரும்வரை நிறுத்திவைத்தார்.

பத்து நாள் மேர்வின் வீட்டிலேயே இருந்தார். பவுலின் அவருடைய கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டாள். அவரோ யன்னலில் நின்று பட்டியையே பார்த்துக்கொண்டு, கிருமியில்லாத பசு எப்படிப் பால் கொடுக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் ஜீப் வந்தது. தொரை, பவுலின், சிவசாமி எல்லாரும் பட்டியடியில் கூடினார்கள். ரினோஸா கடதாசியை விரித்தாள். அவள் முகத்தில் பழைய ஆவல் இல்லை. ஏதோ சங்கடம் தெரிந்தது.

"ரெண்டும் நல்லா இருக்கு. பசுவுக்கும் காளைக்கும் வயித்துல கிருமிகள் நிறைஞ்சு இருக்கு. அலன்டோயின் எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருக்கு."

"அப்ப அந்தப் போத்தல்?" என்றார் தொரை.

"அதைத் திரும்பச் சோதிச்சோம் சேர். அதுல அமிலமே போட்டிருக்கல்ல."

"போட்டேங்க மிஸ்!" என்று கத்தினார் மேர்வின். "ஒட்டுப் போட்ட எடத்தக் காட்டவா?"

"வேணாம் அண்ணன்." ரினோஸா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் இருக்கு. ஆடு, மாடு, நாய், எதுவா இருந்தாலும் அலன்டோயின் கொஞ்சமாவது நல்லாத் தெரியும். தெரியாம இருக்கிறது ஒண்ணுக்குத்தான். கோவிக்காதீங்க. அது... மனுசனோடது."

நாலாம் நம்பர்கூட அசைபோடுவதை நிறுத்தியது போலிருந்தது. எல்லாருடைய கண்களும் மெதுவாக மேர்வின் பக்கம் திரும்பின.

"ஏங்க," என்றாள் பவுலின் மெல்லிய குரலில், "அவசரத்துல நீங்களே..."

"அடிப் பாவி! நீயுமா?" மேர்வின் வலது கையை வானத்தை நோக்கித் தூக்கினார். "கர்த்தர் சாட்சியா சொல்றேன், அது லெட்சுமியுதுதான்! பிடிச்சேன், ஆசிட் ஊத்தினேன், மூடினேன், நம்பர் எழுதினேன், என் கையாலயே ஜீப்புல ஏத்தினேன்!"

"ஏத்தினது சரி அண்ணன். ஆனா எங்ககிட்ட வந்து சேர்ந்தது..." என்ற ரினோஸா பேச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவர் சுதாகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

"கினிகத்தேனை வளைவுல அந்தப் போத்தல் கவுந்து பூராவும் ஊத்திருச்சுங்க மிஸ், அது கெடக்கட்டும், ரெண்டு தரம் சோதிச்சீங்களே, எனக்கு சீனி எவ்வளவு காட்டுச்சு?"